நோயாளி சொல்லும் எண்

ஜூன் 10, செவ்வாய்

டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. எனக்கு டென்னிஸ் எல்போவாம். பதினாறு வருஷமாக ரேஷன் கடையில் அரிசியும் சர்க்கரையும் அள்ளி அள்ளிப் போட்டதற்கு வந்த வியாதி. பேரை மட்டும் பணக்காரன் விளையாட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் இரண்டு வருஷமாக ஆணி அடித்ததுபோல் வலி. டம்ளரைத் தூக்கினால் குத்தும். துணி பிழிந்தால் உயிர் போகும். களிம்பு, கட்டு, மாத்திரை, சுளுக்கு வழிப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடையில் இப்போது எடை போட ஒரு பையன், நான் பில் மட்டும்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சோதனை நடத்துகிறார்கள். நம் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, அதில் தெளிந்து நிற்பதை முழங்கையில் ஊசியாகப் போடுவார்களாம். பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, ஊசி போடுகிற டாக்டருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஆறு மாதம் முடிந்த பிறகுதான் உறையைப் பிரித்துச் சொல்வார்கள்.

"உப்புத் தண்ணிக்கு நான் எதுக்கு டாக்டர் இவ்வளவு தூரம் வரணும்? வீட்டு அடுப்படியிலயே இருக்கே" என்றேன். டாக்டர் சிரித்தார். தேன்மொழிதான் என் தொடையைக் கிள்ளி, "அக்கா, பேசாம கையெழுத்தைப் போடு" என்றாள்.

தேன்மொழி என் தங்கை. முப்பத்தெட்டு வயது. என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்காருகிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிசியோதெரபி பார்க்கும் ஹெலன் என்ற பெண் ஒரு மஞ்சள் ஏட்டைக் கொடுத்தாள். "வலி பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும். தினம் ஒரு நம்பர் எழுதணும்மா. நீங்க சொல்றதுதான் நம்பர். டாக்டரே வந்தாலும் அதை மாத்த முடியாது."

"என் பேச்சை யாரும் மாத்த முடியாதுன்னு இந்த ஊர்ல சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றேன்.

மஞ்சள் ஏட்டில் எண்ணுக்கு மட்டும் கட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு எண் போதாது. அதனால் இந்த நோட்டு.

அங்கே எழுதியது: 8.

ஜூன் 13, வெள்ளி

ஊசி போட்டாகிவிட்டது. உள்ளே என்ன நிறம் என்று தெரியாதபடி ஊசிக் குழாய் முழுக்க டேப் சுற்றியிருந்தார்கள். எலும்பைத் தொட்டு ஏழெட்டு இடத்தில் குத்தினார் டாக்டர். அம்மா என்று அலறிவிட்டேன். தேனு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தாள். "உனக்குக் கை சரியாயிருச்சுன்னா கல்யாணத்தைத் தையில வச்சுக்கலாம்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்க்கா. நீ நல்லாகாம நான் நகர மாட்டேன்னும் சொல்லிட்டேன்."

அவங்க என்றால் செல்வகணபதி. மின்வாரியத்தில் லைன்மேன், பெண்டாட்டியை இழந்தவன், குழந்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த ஊரில் இருந்தபோது, செத்த மனைவிக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க இவள் மையத்துக்கு வந்திருக்கிறான். சான்றிதழோடு இவளையும் பேசி வைத்துவிட்டுப் போடிக்கு மாற்றலாகிப் போய்விட்டான். மகா சாமர்த்தியசாலி.

"சந்தோஷம்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கை வலித்தது.

அங்கே: 9.

ஜூன் 14, சனி

தேனு தலை பின்னிவிட்டாள், ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள். 9.

ஜூன் 22, ஞாயிறு

தண்ணீர் விட்டார்கள். எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். குழாய் கீழே, நாங்கள் மாடியில். பதினெட்டுப் படி. தேனு இருபத்து நான்கு குடம் தூக்கினாள். நான் மேலே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். வாசலில் சிந்திவிட்டாள். வழுக்கி விழுந்தால் எனக்கு மற்றக் கையும் போகும், அந்த நினைப்பு வேண்டாமா என்று கேட்டேன். துடைத்துவிட்டுத் திரும்ப இறங்கினாள்.

8.

ஜூலை 6, ஞாயிறு

மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் போன் பேசினாள். சிரிக்கிற சத்தம் கீழே வரை வந்தது. இத்தனை வருஷத்தில் என்னோடு பேசி அப்படி ஒரு நாள் சிரித்திருப்பாளா?

எனக்குப் பொறாமை என்று நினைப்பார்கள். இருந்தால்தான் என்ன? அம்மா போனபோது இவளுக்கு ஒன்பது வயது. எனக்கு வந்த நல்ல இடத்தில், சின்னவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வா என்றார்கள். போங்கடா என்று தட்டைத் திருப்பி அனுப்பினேன். இவள் பெரியவளானபோது புட்டு அவித்தது நான், டைபாய்டில் கிடந்தபோது பக்கத்தில் விழித்துக் கிடந்தது நான். லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போவானாம்.

அங்கே: 7. எழுதிவிட்டுப் பார்த்தேன். ஏழு கண்ணை உறுத்தியது. எட்டாகத் திருத்தினேன்.

ஜூலை 17, வியாழன்

காலையில் தேனு குளிக்கப் போயிருந்தாள். பால் பொங்கியது. பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தேன். இறக்கி வைத்த பிறகுதான் எந்தக் கையால் என்று பார்த்தேன்.

முழங்கையை மடக்கினேன், நீட்டினேன். அழுத்திப் பார்த்தேன். வலி அசந்து தூங்குகிறது போலும். தூங்கட்டும்.

பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் ஏற்றிவிட்டு, "தேனு, பால் பொங்குதுடி!" என்று கத்தினேன். தலையில் ஷாம்பு நுரையோடு ஓடி வந்து இறக்கினாள். விரலைச் சுட்டுக்கொண்டாள்.

அங்கே: 8.

ஜூலை 25, வெள்ளி

ஆறு வாரப் பரிசோதனை. கையில் ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள் ஹெலன். அமுக்கினேன். எவ்வளவு அமுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

"ஊசிக்கு முன்னாடியும் ஒம்பது கிலோ. இன்னைக்கும் ஒம்பதுதான்" என்றாள் ஹெலன்.

தேனுவின் முகம் செத்துவிட்டது. வெளியே வந்து தூணோரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். யாருக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். என் கைக்காக இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. செல்வகணபதி வந்தான். எனக்கென்று ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை வாங்கி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக ஸ்டூலைப் போட்டு ஏறி, பொறி பறந்துகொண்டிருந்த ஸ்விட்சைச் சரி செய்தான். தேனு வைத்த எலுமிச்சைச் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நல்லவன்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கிளம்பும்போது சொன்னான். "அக்கா, நீங்களும் போடிக்கே வந்துருங்களேன். கீழ ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. தேனு பக்கத்துலயே இருந்த மாதிரியும் ஆச்சு."

தேனு என்னையே பார்த்தாள். அவள் சொல்லிக் கொடுத்துத்தான் சொல்கிறான்.

"தங்கச்சி புருஷன் வீட்டு மூலையில உக்காந்து, போட்டதைச் சாப்பிட்டுக்கிட்டுக் கெடக்க நான் என்ன கறவை நின்ன மாடா தம்பி? என் கடையை யாரு பாப்பா?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்று அவன் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் போனான். தேனு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. தலையை மட்டும் பின்னிவிட்டாள்.

8.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தேனு காலை பஸ்ஸில் போடிக்குப் போனாள், வீட்டைப் பார்த்துவிட்டு வர. அவள் போனதும் குழாயில் தண்ணீர். விட்டால் இன்னும் எட்டு நாள். நானே பதினோரு குடம் தூக்கினேன். கடைசிக் குடத்தை இறக்கியபோது மூச்சு வாங்கியது. வேறு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வந்தவள் அண்டாவைப் பார்த்து, "யாருக்கா தூக்குனது?" என்றாள்.

"எதிர்வீட்டு ராஜகனி."

"அய்யோ, அவங்களே இடுப்பு வலிக்காரங்களாச்சே! போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள்.

"அவ அப்பவே மக வீட்டுக்குக் கிளம்பிப் போயிட்டா. சும்மா உள்ள வா" என்றேன்.

வீடு காற்றோட்டமாக இருக்கிறதாம். பின்னால் முருங்கை மரம் இருக்கிறதாம். சொல்லும்போதே அவள் அங்கே குடியேறிவிட்டாள்.

அங்கே: 8.

செப்டம்பர் 5, வெள்ளி

பன்னிரண்டு வாரம். தேனு சீட்டுப் பதிய வரிசையில் நின்றாள். நான் மார்க்கெட்டில் வாங்கிய பையோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஹெலன். அவள் பார்வை என் முகத்தில் இல்லை, பையில் இருந்தது. பையில் நான்கு கிலோ சின்ன வெங்காயம். பை வலது கையில் இருந்தது.

அறைக்குள் இரும்புப் பிடியைக் கொடுத்தாள். ஒன்பது கிலோ. மஞ்சள் ஏட்டைப் புரட்டினாள். வரிசையாக எட்டு.

"அம்மா, இந்த எட்டு நெசந்தானா?"

"நீதானம்மா சொன்ன, நான் சொல்றதுதான் நம்பருன்னு."

"ஆமாம்மா. நான் பார்த்ததை இதுல எழுத எடமில்லை" என்று எட்டையே தன் தாளில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு என்ன வந்தது? அவள் வீட்டில் அக்கா தங்கை இருந்தால் தெரியும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தேனு காபி டம்ளரைக் கீழே போட்டாள். இந்த வாரத்தில் இரண்டாவது. நினைப்பெல்லாம் போடியில் இருந்தால் டம்ளர் எப்படிக் கையில் நிற்கும்?

8.

அக்டோபர் 12, ஞாயிறு

பின்னல் கோணலாக இருக்கிறது என்று கடைக்கு வந்தவள் ஒருத்தி சொன்னாள். நாலு நாளாகவே அப்படித்தான். தேனு இடது கையால் இழுத்து, வலது கையால் ஒப்புக்குப் பிடிக்கிறாள். ஒழுங்காகப் பின்ன முடியாவிட்டால் சொல், மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். "சாரிக்கா" என்று அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். பின்னும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கோபம்.

தண்ணீர் தூக்கும்போதும் அரைக் குடம் அரைக் குடமாகத் தூக்குகிறாள். நாற்பத்தெட்டு நடை. நேரமாகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு பிழியவில்லை. கடையில் வாங்கிவிட்டாள். "பிழியறதுக்குச் சோம்பலா இருந்துச்சுக்கா" என்றாள். போகிறவளுக்கு இந்த வீட்டு முறுக்கு எதற்கு?

செல்வகணபதி அவளுக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டு கொடுத்தனுப்பியிருந்தான். எனக்கும் ஒன்று. நவம்பர் பரிசோதனை முடிந்ததும் தேதி குறித்துவிடலாமா என்று போனில் கேட்டான். கை இருக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி என்றேன்.

8.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம் படுத்து எழுந்து வந்தேன். தேனு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் தன் வலது முழங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"அது என் பை" என்றேன்.

திடுக்கிட்டு எடுத்துவிட்டாள். "சும்மாக்கா. குளிருக்கு."

திண்டுக்கல்லில் மத்தியானம் மூன்று மணிக்கு என்ன குளிர்? நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

வாய் வரை வந்தது, சாயங்காலம் பாத்திரம் நானே தேய்க்கிறேன் என்று. எப்படிச் சொல்வது? எந்தக் கையால் தேய்ப்பது? அவளே தேய்த்தாள்.

8.

நவம்பர் 28, வெள்ளி

கடைசிப் பரிசோதனை. சோதனையில் சேர்ந்தவர்களில் கடைசி ஆள் நான்தானாம்.

ஒன்பது கிலோ. எட்டு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் எழுந்தேன். தேனு எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், என் கையையும் ஒரு தடவை பாக்குறீங்களா?"

டாக்டர் அவள் முழங்கையின் வெளிப்பக்கத்தை ஒற்றை விரலால் தொட்டார். நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று மாதம் என்றாள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார். தண்ணீர், துணி, பாத்திரம், கம்ப்யூட்டர். தலை பின்னுவதைச் சொல்லவில்லை.

"உங்க அக்காவுக்கு வந்ததேதான் உங்களுக்கும். இப்பவே பார்த்தா நல்லது. அந்த ஊசியை உங்களுக்குப் போட்டுப் பார்க்கலாம்."

"அக்காவுக்குப் போட்டது மருந்தா, உப்புத் தண்ணியா டாக்டர்?"

"அடுத்த வாரம்தான் உறையைப் பிரிப்போம். எனக்கே தெரியாது."

"அப்போ அதைத் தெரிஞ்சுக்கிட்டு வர்றேன். அக்காவுக்கு உப்புத் தண்ணின்னா மருந்து மேல குத்தமில்லை, நான் தைரியமாப் போட்டுக்குவேன்" என்றாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அவள் மாத்திரை வாங்கப் போனாள். ஹெலன் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மஞ்சள் ஏட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தாள்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு எல்லா நம்பரையும் கம்ப்யூட்டர்ல பூட்டிருவோம்மா. அதுக்கப்புறம் யாராலயும் தொட முடியாது. அதுக்குள்ள எதாச்சும் தப்பா விழுந்திருச்சுன்னு நெனைச்சீங்கன்னா நீங்களே அடிச்சுத் திருத்தலாம். ஒருத்தரும் காரணம் கேக்க மாட்டோம். நான் கேக்க மாட்டேன்."

அவள் போய்விட்டாள். மணி நாலே கால். பேனாவைத் திறந்தேன். வலது கைதான் திறந்தது. கடைசிக் கட்டத்தில் எட்டை அடித்துப் பூஜ்யம் போட்டால் போதுமா? ஜூலையிலிருந்து எழுதிய ஒவ்வொரு எட்டும் எழுந்து நின்று தேனுவிடம் பேசுமே. பால் பாத்திரம் பேசும், பதினோரு குடம் பேசும். அவள் கத்த மாட்டாள். கத்தினால் தாங்கிக்கொள்வேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு அன்றே போடி பஸ் ஏறிவிடுவாள், பிறகு என் சாவுக்குத்தான் வருவாள். பயந்துவிட்டேன். இந்த நோட்டில் அதையாவது எழுதுகிறேன்.

உப்புத் தண்ணீராகவே இருந்துவிடட்டும், கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். அப்படியானால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. அவள் ஊசி போட்டுக்கொள்வாள்.

தேனு மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தாள். "போலாமாக்கா?" என் பையை அவளே எடுத்துக்கொண்டாள். பேனாவை மூடி ஏட்டுக்குள் வைத்து ஹெலன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எட்டு.

டிசம்பர் 5, வெள்ளி

ஹெலன் போன் செய்தாள். தேனு ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க அக்காவுக்குப் போட்டது மருந்துதாங்க. உப்புத் தண்ணி இல்லை."

தேனு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா ஒருத்தர் நம்பரை வச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க. நெறைய பேருக்குக் கேட்டிருக்கு. கண்டிப்பா வந்து போட்டுக்கங்க. அம்மா, பக்கத்துல இருக்கீங்களா? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

தேனு போனை அணைத்தாள். "ஒரே வயித்துல பொறந்த உடம்பு. உனக்கே கேக்காதது எனக்கா கேக்கப் போகுது? நீ அன்னைக்கு அலறுன அலறல் இன்னும் காதுல இருக்குக்கா."

"போட்டுத்தான் பாரேன்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எட்டுலேர்ந்து ஏழுக்குக்கூட வரலையே உனக்கு" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

செல்வகணபதி காலையிலேயே வந்துவிட்டான். அவள் போனில் எல்லாவற்றையும் சொல்லி, கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். சாப்பிடாமல் வந்திருக்கிறான்.

"கை வலிச்சா என்ன தேனு? நான் சமைப்பேன், துணி தொவைப்பேன். இத்தனை வருசம் எனக்கு யாரு செஞ்சா? நீ சும்மா வந்து உக்காரு, போதும்."

"நீங்க செய்வீங்க. எனக்குத் தெரியும். இங்க அக்காவுக்கு யாரு செய்வா?"

"அவங்களும் வரட்டும்."

"அவ வர மாட்டா. கை இல்லாதவளைத் தனியா விட்டுட்டு வந்து நான் எப்படிங்க அங்க சோறு திங்கிறது?"

அவன் என் பக்கம் திரும்பினான். பெரிய ஆம்பிளை, கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வார்த்தையைத்தான் அவ கேப்பா."

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஆறு மாதமாக நான் சொல்வதுதான் எண். இப்போதும் நான் சொல்வதுதான்.

"நான் என்ன தம்பி சொல்லட்டும்? எனக்குக் கை மட்டும் நல்லா இருந்திருந்தா, நானே அவளை அலங்காரம் பண்ணி அனுப்பி வச்சிருக்க மாட்டேனா?"

அவன் தலையை ஆட்டினான். காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஒடம்பைப் பாத்துக்க தேனு" என்றான். தேனு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு முனை திரும்பும் வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் சமையலறைக்குள் போனாள். அரிசி களைகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். பாத்திரத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளையில் செய்வதுபோல என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நெடுநேரம் அழுதாள்.

"அந்த ஊசி மட்டும் உனக்குக் கேட்டிருந்தா நாம ரெண்டு பேருமே பொழைச்சிருப்போம், இல்லக்கா?"

"ஆமாண்டி" என்றேன்.

இடது கையால் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.